கை கால் இல்லாத பூதம் எங்கே கிடைக்கும்?

11 மே 2024, இரவு 9.50 (பென்னாகரத்தான் கேட்டது)

காலேஜ் முடித்த நாலு பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் ஆட்டம், சுருக்கமாக டி அண்ட் டி) ஆட ஆரம்பித்திருக்கிறோம். ஹீரோக்களுக்கு மினியேச்சர் (மேசையில் நிறுத்தும் சின்ன பொம்மை) ஆன்லைனில் வாங்கிவிட்டோம். பூதங்களுக்குத்தான் திண்டாட்டம். எங்கே தேடினாலும் ஓர்க், காப்ளின், எலும்புக்கூடு, வாள் தூக்கிய இன்னொருவன். எல்லாவற்றுக்கும் ரெண்டு கை, ரெண்டு கால். புழு, கூழ் மாதிரி ஒன்று, எட்டுக்கால் ஜந்து, வாயும் பல்லும் மட்டும் உள்ளது, இந்த மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. பட்டாலும் விலை கட்டுப்படியாகவில்லை. மனுஷ உருவம் இல்லாத பூதம் இங்கே கிடைக்கவே கிடைக்காது என்று எங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துகிறவன்) முடிவு கட்டிவிட்டான். உண்மையா அண்ணா?

11 மே, இரவு 11.15

குறைவாகக் கிடைக்கும் என்பது உண்மை. கிடைக்காது என்பது அவசரம்.

குறைவதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. இந்த மினியேச்சர் வியாபாரமே படை விளையாட்டிலிருந்து வந்தது. 1974இல் டி அண்ட் டி வருவதற்கு முன்னால், 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் செயின்மெயில் என்று போர் விதிகள் வெளியிட்டார்கள். மேசை மேல் வரிசையாகச் சிப்பாய்கள் நிற்கும் ஆட்டம் அது. செய்கிறவனுக்கும் சிப்பாய்தான் லாபம். ஒரே உடம்பு, கையை மாற்றினால் வில்லாளி, தலையை மாற்றினால் ஓர்க். வாங்குகிறவனும் இருபது முப்பது என்று அள்ளுவான். கூழ்ப் பூதத்தை யார் வாங்குவது? டி.எம். ஒருத்தன். எத்தனை வாங்குவான்? ஒன்று. ஹீரோக்கள் அதை வெட்டிப் போட்டால் அப்புறம் அலமாரிதான்.

கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கிறவனாகச் சொல்கிறேன் (எலெக்ட்ரிக்கல் கடை, பூதக் கடை இல்லை): ஓடாத சரக்கை எவனும் அடுக்க மாட்டான்.

12 மே, காலை 7.30

நேற்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போய்விட்டேன். விஷயம் இதுதான்.

விதிப்புத்தகம் பூதத்தின் முகத்தை அளப்பதில்லை, அது நிற்கும் இடத்தைத்தான் அளக்கிறது. ஒரு கட்டம் 1 அங்குலம், ஆட்டக் கணக்கில் 5 அடி. ஆள் அளவுள்ள ஜந்துவுக்கு 1 அங்குல பேஸ் (பொம்மை நிற்கும் வட்டத் தட்டு), அதாவது 25 மி.மீ. அதற்கு மேல் லார்ஜ் 2 அங்குலம், ஹ்யூஜ் 3, கார்காண்டுவன் 4. கெட்டி அட்டையில் இந்த நாலு வட்டத்தையும் வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், ஹார்டுவேர், எங்கே போனாலும் கண்ணில் பட்ட பொருளை அந்த வட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். நின்றால் அது பூதம்.

மனித உருவத்தில் இந்தச் சலுகை கிடையாது. மினியேச்சர் அளவு 28 மி.மீ. என்றால் காலடியிலிருந்து கண் வரைக்கும் 28. அதில் 40 மி.மீ. பொம்மையை வைத்தால் சின்னப் பையன்கூட ஏதோ தப்பு என்று சொல்லிவிடுவான். புழுவுக்கு யார் உயரம் கேட்பது? எட்டடிப் புழு, பதினைந்தடிப் புழு, எல்லாம் புழுதான். அதனால் கை கால் இல்லாததைத் தேடுவதுதான் லேசு என்பது என் கட்சி. நீங்கள் மினியேச்சர் கடையிலேயே தேடிக்கொண்டிருப்பதால் கஷ்டமாகத் தெரிகிறது.

12 மே, காலை 7.42

கையில் அட்டை இல்லாதவர்களுக்கு: 2011இல் வந்த வரிசையின் 2 ரூபாய் நாணயம் சரியாக 25 மி.மீ. அளவு பார்க்க மட்டும். ஒட்டிவிடாதீர்கள், பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும்.

ஒட்டுவதற்கு எம்12 வாஷர். வெளி விட்டம் 24. எடையும் இருப்பதால் பொம்மை கவிழாது. 50 மி.மீ. வேண்டுமென்றால் எம்27 வாஷர். அது எல்லாக் கடையிலும் இருக்காது, ஓசூர் சிப்காட் பக்கம் போல்ட் நட் கடைகளில் கேளுங்கள்.

14 மே, இரவு 10.05

"பொம்மையை வைத்து ஆடினால் அது உண்மையான டி அண்ட் டி இல்லை" என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். சார், ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே அதைத்தான் செய்தார்.

கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் ஒரு பை பிளாஸ்டிக் ஜந்துக்கள் வாங்கினார். ஹாங்காங்கில் செய்தது, பை மேல் என்னவோ பழங்கால விலங்குகள் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்ததோ எந்தக் காலத்திலும் இல்லாத ஜந்துக்கள். ஒன்றுக்கு வாலில் காற்றாடி மாதிரி என்னவோ. அதை மேசையில் வைத்து, இது இரும்பைத் துருவாக்கித் தின்னும் என்றார். ரஸ்ட் மான்ஸ்டர் பிறந்தது. முதுகில் ஓடு உள்ள இன்னொன்று மண்ணுக்குள் நீந்தும் புலெட் ஆனது. ஆந்தை மூஞ்சிக் கரடியான அவுல்பேரும் அதே பைதான். ரஸ்ட் மான்ஸ்டரும் அவுல்பேரும் 1975இல் கிரேஹாக் என்ற இணைப்பு விதிப்புத்தகத்தில் அச்சாகின. புலெட் 1976இல் தி டிராகன் பத்திரிகையின் முதல் இதழில் வந்தது. இன்று இவற்றுக்குக் கம்பெனிகள் அழகழகாக மினியேச்சர் விற்கின்றன. பொம்மையைப் பார்த்துப் பூதம், பூதத்தைப் பார்த்துப் பொம்மை, அதற்கு நாம் டாலரில் காசு.

பூதத்தை முடிவு செய்துவிட்டு மினி தேடினால் மூச்சு வாங்கும். கிடைத்த ஜந்துவைப் பார்த்துப் பூதத்தை முடிவு செய்யுங்கள். புத்தகத்தில் ஏதாவது ஒரு பூதத்துக்கு இருக்கும் எண்களை (பலம், உயிர் மாதிரி) எடுத்து அதன் தலையில் போடுங்கள். ஆடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

15 மே, மதியம் 2.20

பொம்மை எங்கே என்று பென்னாகரத்துத் தம்பி திரும்பக் கேட்கிறார். முன்பெல்லாம் திருவிழாக் கடைகளில் பை பையாக டைனோசர் தொங்கும். இப்போது கண்ணுக்குத் தெரிந்தே குறைந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அதோடு 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த விதி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் விளையாடும் பொருளுக்கு. மினியேச்சர் பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நமக்கு வேண்டியது அந்த மலிவு டைனோசர்தான், அடி பட்டது அதற்கு.

இருந்தும் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் ராட்டினத்துக்குப் பக்கத்துக் கடைகளில் ரப்பர் பூரான், பல்லி, தேள், ஆக்டோபஸ் இருக்கும். பெரிய பூரான் வாங்குங்கள், விதிப்புத்தகத்தில் ராட்சதப் பூரான் என்றே இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். டைனோசரில் டி-ரெக்ஸை விட்டுவிடுங்கள், எல்லாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலு காலில் நிற்கும் கொம்புக்காரனை எடுத்துத் தலையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆக்டோபஸை ஒட்டுங்கள்.

மிருதுவான பிளாஸ்டிக் கோணியிருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து நிமிர்த்தி, பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் முக்குங்கள். அப்படியே நிற்கும். ரீப்பர் கம்பெனியின் போன்ஸ் வரிசை மினிகளுக்கும் இதே வைத்தியம்.

15 மே, மதியம் 2.31

ஸ்ப்ரே பிரைமர் அடிக்கும் முன் வால் நுனியில் மட்டும் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சில மிருதுவான பிளாஸ்டிக்கில் அது காயவே காயாது, பிசுபிசு என்று தூசி பிடித்துக்கொண்டே இருக்கும். தூரிகையில் அக்ரிலிக் பூசுவது உத்தமம்.

2 ஜூன், இரவு 9.10

கூழ்ப் பூதம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஜெலட்டினஸ் கியூப். பத்தடிக்குப் பத்தடிக் கட்டி, மேசையில் 2 அங்குலக் கனசதுரம். நகைக்கடையில் மோதிரமோ தோடோ வைத்துத் தரும் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவை அளந்து பாருங்கள், சிலது அதே அளவில் இருக்கும். அடிப்பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். வெளியே ஹாட் க்ளூ கன்னில் இரண்டு மூன்று வழிசல், உள்ளே மெல்லிய பச்சை வார்னிஷ். முடிந்தது.

கடையில் விற்கும் அழகான கியூபை விட இதில் ஒரு வசதி அதிகம். பூதம் ஹீரோவை விழுங்கியதும் டப்பாவைத் தூக்கி அவன் மினி மேலேயே கவிழ்த்துவிடலாம். எங்கள் மேசையில் முதல் தடவை அப்படிக் கவிழ்த்தபோது மந்திரவாதியாக ஆடும் மாப்பிள்ளை ஐந்து நிமிஷம் பேசவில்லை. டப்பாவுக்குள் தன் ஆள் நிற்பதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

9 ஜூன், இரவு 11.40

சீசன் வந்தாச்சு, இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாங்கொட்டை.

சிரிக்காதீர்கள். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காயின் கொட்டை நீளம், தட்டை, நார் குறைவு. மேசையில் சாய்த்து வைத்தால் கரை ஒதுங்கிய கடல் ஜந்து. ஆனால் எனக்குப் பிடித்தது நாட்டு நார் மாங்காயின் கொட்டை. சதையைச் சப்பி எடுத்துவிட்டு (இந்த வேலைக்கு எங்கள் வீட்டில் ஆள் பஞ்சமில்லை) பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் நார் எல்லாம் எழுந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் வாரிவிட்டு, பச்சையும் பழுப்பும் கலந்த தண்ணீர்ப் பெயின்டை மேலே வழியவிடுங்கள். நாரின் அடியில் நிறம் தேங்கும், நுனி வெளுத்தே இருக்கும். தூரிகையில் இழுத்து இழுத்துச் செய்ய வேண்டிய வேலையை நாரே செய்துவிடும். அதன் மேல் கடுகளவு எம்-சீலில் இரண்டு கண். அழுகல் செடிகளின் குவியல் எழுந்து நடக்கும் ஷாம்ப்லிங் மவுண்ட் என்று ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. அது இதுதான்.

இரண்டே கண் என்று இல்லை, ஏழு வைத்தாலும் யார் கேட்பது.

10 ஜூன், காலை 6.50

"அது லார்ஜா ஹ்யூஜா?" கொட்டையைப் பொறுத்தது. 2 அங்குல பேஸில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. பெங்களூரா கொட்டையைப் படுக்க வைத்தால் 4 அங்குல பேஸ் கேட்கும்.

6 ஜூலை, இரவு 8.30

மாங்கொட்டை பற்றி ஒரு சேர்க்கை, முக்கியமானது. காயவைக்கும் முன் கொட்டையைக் கத்தியால் விளிம்பில் பிளந்து உள்ளே இருக்கும் பருப்பை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபெவிக்கால் போட்டு மூடுங்கள்.

மாங்கொட்டை வண்டு என்று ஒன்று இருக்கிறது. பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைக்கும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய் அங்கேயே வளர்ந்து வண்டாகி, பிறகு ஓட்டை போட்டு வெளியே வரும். தோட்டக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் என் ஷாம்ப்லிங் மவுண்டின் விலாவிலிருந்து ஒரு கறுப்பு வண்டு நிதானமாக வெளியே வந்து, இரண்டு கட்டம் நடந்து, குள்ளன் மினியின் காலடியில் நின்றது. ஒரு நொடி யாரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் குள்ளனாக ஆடுகிறவர் பகடையை எடுத்து, "இனிஷியேட்டிவ் போடலாமா?" என்றார். (சண்டையில் யார் முதலில் என்று பகடை உருட்டுவது.)

போட்டோம். வண்டு ஜெயித்தது.

7 ஜூலை, காலை 7.05

இல்லை, வண்டுக்கு என்ன எண்கள் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமும் அது வரலாம்.

21 ஜூலை, மாலை 4.15

என் கடைச் சரக்கு ஒன்றைச் சொல்கிறேன், விளம்பரம் என்று நினைத்தாலும் சரி. வயரிங்குக்குப் போடும் ஃப்ளெக்சிபிள் பைப், வளையம் வளையமாக இருக்குமே, அதுதான் விதிப்புத்தகத்தில் உள்ள ராட்சதப் புழு, பர்ப்பிள் வார்ம். 25 மி.மீ. பைப்பில் ஒரு சாண் நீளம் போதும். உள்ளே தடித்த கம்பி விட்டு வளைத்து, 4 அங்குல பேஸில் ஓட்டை போட்டு நிறுத்துங்கள். வாய்க்கு எம்-சீல் உருட்டி விளிம்பில் ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே சீமைக்கருவேல முள்ளைச் சுற்றிலும் குத்துங்கள். நுனி உள்பக்கம் பார்க்க வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த மாதிரி இன்னொரு துண்டைத் தனி பேஸில் வைத்தால் அது வால். வால் ஒரு மூலையில், தலை ஒரு மூலையில். ஹீரோக்கள் இரண்டு புழு என்று நினைத்துப் பிரிந்து ஓடுவார்கள்.

விழுதுகள், உணர்கொம்புகளுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் கழித்துப் போடும் செம்புக் கம்பி. நம் ஊரில் போர்வெல் மோட்டார் எரியாத வாரம் இல்லை, ஆகவே கம்பிக்குப் பஞ்சம் இல்லை. நாலு இழையை முறுக்கி நுனியில் பிரித்துவிடுங்கள்.

எம்-சீல் பிசையும்போது இரண்டு நிறமும் சுத்தமாக ஒன்றாகும் வரை பிசைய வேண்டும், கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. கையுறை போடுங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்த்தால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு 10.30

ஒருவழியாக 3டி பிரிண்டிங் பற்றி. இத்தனை நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம், அதைச் சொன்னால் எல்லாரும் மாங்கொட்டையைக் கைவிட்டுவிடுவீர்கள் என்ற பயம்.

ஃபைல்கள் ஏராளம். மிகேல் ஸவாலா என்பவர் டி அண்ட் டி பூதப் புத்தகத்தில் உள்ளவற்றை வரிசையாக மாடல் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார். தேடும்போது ஒன்று கவனியுங்கள். பிஹோல்டர் (பெரிய ஒற்றைக் கண்ணும் விழுதுகளும் உள்ள உருண்டை), டிஸ்ப்ளேசர் பீஸ்ட், கேரியன் கிராலர் மாதிரி சில பூதங்களை டி அண்ட் டி வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டிருக்கிறது, எல்லாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட விதித் தொகுப்பில் அவை வராது. அதனால் மற்ற கம்பெனிகள் பிஹோல்டரை ஐ டைரன்ட், ஐ பீஸ்ட் என்று ஏதாவது சொல்லித்தான் விற்கும். பெயர் போட்டுத் தேடிவிட்டு இல்லை என்று வந்துவிடாதீர்கள். கண், விழுது, உருண்டை என்று தேடுங்கள்.

பிரிண்டர் இரண்டு வகை. ரெசின் வகை முகச்சுருக்கம்கூட எடுக்கும், ஆனால் நாற்றம், கையுறை, ஆல்கஹாலில் கழுவுதல், புற ஊதா ஒளியில் இறுக்குதல் என்று தனிக் குடித்தனம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் வகை சல்லிசு, வீட்டு மேசையில் வைக்கலாம். மனித உருவத்தில் அது படு சுமார். மணிக்கட்டு, வாள், விரல் எல்லாம் மெலிசு. அந்தரத்தில் நிற்பதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அந்த முட்டுகளை உடைத்து எடுக்கும்போது கையும் சேர்ந்து வரும். புழு, கூழ், பெட்டி வேஷம் போடும் மிமிக், வேர் விட்ட தூண், இதெல்லாம் கீழே அகலம், மேலே குறுகல். முட்டே வேண்டாம். 0.4 மி.மீ. நாசிலில் 0.12 அடுக்கு வைத்தால் தாராளம். அடுக்குக் கோடு தெரிந்தால் அது புழுவின் வரி என்று சொல்லிக்கொள்ளலாம். மலிவு பிரிண்டர் வைத்திருக்கிறவனுக்குக் கை கால் இல்லாத பூதம்தான் சரி.

பிரிண்டர் இல்லையா, ஓசூரில் வண்டி உதிரி பாகங்களுக்கு மாதிரி அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கிராம் கணக்கில் வாங்குவார்கள். பெரிய பூதத்தை உள்ளே கூடாக்கிக் கொடுத்தால் காசு பாதி. ரெசினில் கூடாக்கினால் அடியில் இரண்டு ஓட்டை விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய ரெசின் ஒரு நாள் வெடிப்பு விட்டு ஒழுகும்.

5 ஆகஸ்ட், காலை 9.20

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: "கரண்ட் போனால்?" தொழில் முறையில் பதில் சொல்கிறேன். சின்ன இழை பிரிண்டரின் சப்ளையே சுமார் 350 வாட், அதில் பெரும் பங்கு தட்டைச் சூடாக்கப் போகிறது. கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ் சில நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். விட்ட இடத்தில் தொடரும் வசதி பிரிண்டரில் இருந்தாலும், தட்டு ஆறினால் பூதம் தானாகக் கழன்றுகொள்ளும். வீட்டு இன்வர்ட்டர் லைனில் போடுங்கள், அல்லது ராத்திரி அடியுங்கள். என்னிடம் ஒரு புழு இடுப்போடு நிற்கிறது. அதையும் மண்ணுக்குள்ளிருந்து வருவதாக வைத்துவிட்டேன்.

25 ஆகஸ்ட், இரவு 9.45

இது தர்மபுரிக்காரர்களுக்கு. பட்டுக்கூடு. அங்காடிக்கு வரும் நல்ல கூட்டைக் கேட்க வேண்டாம், அதன் விலை வேறு. பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, கறை பட்ட கூடு, இரட்டைக் கூடு இதெல்லாம் நூற்புக்கு ஆகாது. பட்டு வளர்க்கும் வீட்டில் கேட்டால் ஒரு கை அள்ளித் தருவார்கள். ஒரு கூடு ஏறக்குறைய 3 செ.மீ. அதாவது ராட்சதச் சிலந்தி சுருட்டிக் கட்டிய ஆள் சைஸ். மேலிருந்து நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், ஒன்றில் மட்டும் கத்தியால் கீறி உடைந்த மினியின் கையை வெளியே நீட்டுங்கள். வெள்ளைக் கூட்டுக்கு நிறமே வேண்டாம். மஞ்சள் கூட்டைச் சிலந்தி முட்டையாக வையுங்கள்.

சிலந்திக்குத் திருவிழா ரப்பர் சிலந்தியே போதும். எட்டுக் காலும் தரையைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

29 செப்டம்பர், இரவு 10.50

கொலு சீசன். பரணிலிருந்து பெட்டி இறங்கியதும் தசாவதார செட்டைப் பார்த்தேன். மச்சம், கூர்மம் இரண்டும் மனித உருவம் இல்லாதது என்று ஆசையாக எடுத்தால், இரண்டுக்கும் இடுப்புக்கு மேலே கிரீடம் வைத்த ஆள், சங்கு சக்கரத்தோடு. வராகத்துக்குத் தலை மட்டும் பன்றி. அவதாரத்திலும் வார்ப்புக்காரர் அதே உடம்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

30 செப்டம்பர், காலை 8.10

"சாமி பொம்மையை வெட்டவா போகிறீர்கள்?" என்று ஊத்தங்கரை சார் கோபப்படுகிறார். இல்லை சார். பார்த்தேன், துடைத்தேன், படியில் வைத்தாயிற்று. அத்தை பக்கத்திலேயே நின்றார்கள்.

ஆனால் கேள்வி நல்ல கேள்வி. யாளியை எதிரியாக வைக்கலாமா என்று எங்கள் மேசையிலும் ஒரு நாள் முழுக்கச் சண்டை. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, கோயில் தூண் தூணாக நிற்கிறது. எட்டுக்கால் சரபம் இருக்கிறது. இரண்டு தலை கண்டபேருண்டம் கர்நாடக அரசு முத்திரையிலேயே இருக்கிறது. கையில் இவ்வளவு வைத்துக்கொண்டு அமெரிக்கக் கூழுக்கு ஏங்குவானேன் என்றது ஒரு கட்சி. கும்பிடும் இடத்தில் இருப்பதை அடித்துக் கொல்வது சரியில்லை என்றது இன்னொரு கட்சி. முதலில் நான் முதல் கட்சி. பிறகு வீட்டில் பெரியவர்கள் எதிரில் ஆடும்போது "யாளிக்கு இருபத்தெட்டு புள்ளி அடி விழுந்தது, செத்துவிட்டது" என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது எங்கள் ஆட்டத்தில் யாளி வாசல் காக்கும், விடுகதை போடும், தப்பாகச் சொன்னால் வழி விடாது. அடிக்க முடியாது. பழைய கட்சிக்காரர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் சிங்கம், மூக்கில் ஓட்டை, முறுக்கிய செம்புக் கம்பி, அதன் மேல் எம்-சீல். துதிக்கை இறுகும் முன் தன் எடையில் தொங்கிவிடும், தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவையுங்கள். பிடரியைப் பல்குச்சி நுனியால் சுருள் சுருளாகக் கீறுங்கள். கண் பிதுங்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் யானைக்குட்டி ஆகிவிடும்.

2 அக்டோபர், இரவு 9.00

யானை என்றதும் தளியிலிருந்து ஒரு நண்பர், "எங்கள் ஊரில் பூதம் தேவையில்லை, ராகித் தோட்டத்தில் நிஜமாகவே வருகிறது" என்று எழுதியிருக்கிறார். விதிப்புத்தகத்தில் யானை ஹ்யூஜ், 3 அங்குலம். பத்தடி யானை இந்த அளவில் சுமார் 5 செ.மீ. உயரம். ஐந்து செ.மீ. யானை பொம்மை எந்தக் கடையிலும் கிடைக்கும், பெயின்ட்கூட அடிக்க வேண்டாம். ஆனால் எங்கள் ஆட்டத்தில் டிராகனைப் பார்த்து வாளை உருவுகிறவர்கள் யானையை வைத்தால் மட்டும் சத்தம் போடாமல் பின்வாங்குகிறார்கள். வளர்ந்த ஊர் அப்படி.

8 டிசம்பர், மாலை 5.30

மழை நின்று புதர்கள் காய ஆரம்பித்துவிட்டன. தேள்கொடுக்கு, புலிநகம் என்றெல்லாம் சொல்லும் செடியின் காய்ந்த காயை ரோட்டோரத்தில் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, கட்டையாக, முன்னால் இரண்டு வளைந்த கொக்கி, வேட்டியில் மாட்டினால் விடாது. பேஸில் ஒட்டினால் அப்படியே ஓடு போட்ட வண்டு. மண்ணைத் துளைத்து வரும் ஆன்கெக் வேண்டுமென்றால் நாலைந்து எடுத்து, வைண்டிங் கம்பியில் ஆறு கால் வைத்து, முதுகில் காய்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். காயைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஒட்டுங்கள்.

பென்னாகரத்துத் தம்பி, உங்கள் டி.எம். 4 அங்குலத்தில் ஏதாவது கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ஃப்ளெக்சிபிள் பைப் துண்டுகள் கடையில் ஒரு மூட்டை கிடக்கிறது, காசு வேண்டாம். புதன் தவிர எந்த நாளும் வாருங்கள். கருவேல முள் மட்டும் நீங்கள் கொண்டு வர வேண்டும், ஊசியாக இருக்கட்டும், இளசு வேண்டாம், குத்தும்போது வளைகிறது.